எங்களுக்கு வராத வயது

தம்பி,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நீ. நான் வேண்டாம் என்றேன், அம்மா விடட்டும் என்றாள், வழக்கம்போல அவள்தான் வென்றாள். முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். இத்தனை வருடமாக நான் ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் லிப்ட் திருத்திய அறிக்கைகள்தான். கடிதமும் அப்படியே வந்தது: என்ன பழுது, என்ன காரணம், என்ன செய்யப்பட்டது. வாயால் சொல்லவும் பார்த்தேன். நீ "ஓகே அப்பா" என்று சொல்லிவிட்டு அரிசி கழுவ எழும்பிப் போய்விட்டாய். அதனால்தான் இது. மெதுவாக வாசி. விளங்காத சொல் இருந்தால் தாண்டிப் போ, பிறகு கேட்கலாம். வேறு தகப்பன்மார் யாராவது இதை வாசித்தாலும் எனக்குக் குறையில்லை. என்னைப் போல வந்து சேர்ந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

விஷயம் இதுதான். கிளாஸ்கோ யூனிவர்சிட்டியில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. நீ அதை வேண்டாம் என்று எழுதப்போகிறாய். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டில் இருந்தே ரெயினில் போய் வரக்கூடிய இடத்தை எடுக்கப்போகிறாய். ஏன் என்று கேட்டால் "அந்தக் கோர்ஸும் நல்லதுதானே" என்கிறாய். அந்தக் கோர்ஸ் நல்லதாக இருக்கலாம். ஆனால் அது காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ போகவேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதை இரண்டு வரியில் சொல்லலாம். ஆனால் நீ ஏன் போகவேண்டும் என்பது எனக்கு விளங்குவதற்கே இவ்வளவு காலம் எடுத்தது, ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அம்மா இருந்தபோது ஒரு குளிர்காலத்தில் தங்கச்சியும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் மேசையில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ சரித்திரப் பாடத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாய், பாதி ஆங்கிலத்தில், பாதி அம்மாவின் தமிழில். "அப்பா, டீனேஜர்ஸ் எண்டு முந்தி ஒருத்தரும் இருக்கேல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அந்த ஆக்கள் வந்தவை" என்றாய். நான் சிரித்தேன். "பதினைஞ்சு வயசு எல்லாக் காலத்திலயும் இருந்ததுதானேடா" என்றேன். "வயசு இருந்தது அப்பா. ஆக்கள் இருக்கேல்ல" என்றாய். பிறகு விளக்கினாய். முன்பு இங்கேயும் பிள்ளைகள் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போவார்களாம், சம்பளத்தைத் தாயிடம் கொடுப்பார்களாம், தகப்பனின் உடுப்பைப் போலவே சின்ன அளவில் ஒன்றைப் போட்டுக்கொள்வார்களாம். நேற்று வரை பிள்ளை, இன்றைக்குப் பெரிய ஆள். சண்டை முடிந்து, ஊரைத் திரும்பக் கட்டி, கையில் கொஞ்சம் காசும் நேரமும் வந்த பிறகுதான் நடுவில் ஒரு கூட்டம் தோன்றியதாம். தனக்கென்று ஒரு பாட்டு, தனக்கென்று ஒரு தலைமயிர், கோப்பிக் கடையில் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு அந்தி வரை இருப்பது. பெரியவர்கள் பயந்து போனார்களாம், பேப்பர்களில் எல்லாம் எழுதினார்களாம். "ஒண்டும் செய்யாமல் இருந்ததுக்கே பயந்தவை" என்றாய். அம்மா என்னைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, உங்களைப் பற்றித்தான் சொல்லுறான்" என்றாள்.

நீ சொன்னது எனக்கு வேறு விதமாகப் போய் ஏறியது. ஊரில் எங்களுடைய சண்டைக்குள் எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, அந்த வயது ஒளித்து வைக்கவேண்டிய ஒன்றாக இருந்தது. சந்திக்குச் சந்தி சென்றி, ஆமியின் காவலரண். ஆமிக்காரன் சைக்கிளை மறிப்பான், முகத்தைப் பார்ப்பான், காலைப் பார்ப்பான். சின்னப் பிள்ளை என்றால் போகலாம். பொடியன் என்றால் இறங்கு. அதனால் என் அம்மா என்னை முழங்கால் தெரியும் கட்டைக் களிசானோடுதான் வெளியே விடுவா. காலில் மயிர் முளைத்து, குரல் உடைந்து, வகுப்பில் எல்லாரையும் விட உயரமாக வளர்ந்த பிறகும் கட்டைக் களிசான். "முதுகைக் கூனிக்கொண்டு போ மோனை, வாயைத் திறந்து கதையாதை" என்பா. குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். வீட்டுக்கு யார் வந்து வயதைக் கேட்டாலும் இரண்டு வயது குறைத்துத்தான் சொல்லுவா. என் வகுப்புப் பொடியன்கள் எல்லாருக்கும் வீட்டில் இப்படி ஒரு குறைந்த வயது இருந்தது. பிறகு ஒரு நாள் என் மாமா என்னை இந்த நாட்டுக்கு அனுப்ப ஒழுங்கு செய்து கொழும்பில் இருந்து ஆள் அனுப்பினார். அன்று காலையில் நீளக் களிசானும் மாமாவின் பழைய சேர்ட்டும் போட்டு, இனி நீதான் குடும்பத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். ஒரே காலையில் பிள்ளையில் இருந்து பெரிய ஆள். நடுவில் ஒன்றும் இல்லை. அது குறை என்றுகூட எனக்குத் தெரியாது. இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது?

உன் அம்மாவுக்கு அது இருந்தது. ஒன்பது வயதில் இங்கே வந்தவள், டூட்டிங்கில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸின் மேல்தட்டில் கடைசி சீற்றில் நாலு பெட்டைகளாக இருந்து, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் முடிவு வரை போய்த் திரும்பி வருவார்களாம். ஒரு முறை குளியலறையில் தலைக்குச் சிவப்புச் சாயம் பூசி, துவாய், சுவர் எல்லாம் சிவப்பாக்கி, உன் தாத்தா கிழமைக்கணக்காகக் கதைக்காமல் விட்ட கதையை உனக்குச் சொல்லியிருப்பாள். நீ கதவைச் சாத்திக்கொண்டு இருக்கத் தொடங்கிய காலத்தில், என்ன பிழை நடந்தது, எங்கே கழன்றது என்று தேடினேன். அம்மா சமைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்டும் பழுதாகேல்ல. அவனுக்கு வயசு வந்திருக்கு. உங்களுக்குத்தான் அது வரேல்ல. கொப்பளிப்பான் அம்மை மாதிரித்தான் இது, சின்னனில வராத ஆக்களுக்குப் பிறகு வந்தால் கடுமையா வரும். நீங்கள் தள்ளி இருங்கோ." அதற்குப் பிறகு உன் அறைக் கதவைத் தட்டுமுன் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தட்டுவேன். நீ ஏன் ஒரு சொல்லில் பதில் சொல்கிறாய், ஏன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதில்லை, யாரோடு இவ்வளவு நேரம் சிரிக்கிறாய், எல்லாவற்றுக்கும் அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பு.

ஊரில் இருந்து என் சித்தப்பா போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே முறைப்பாடு. பொடியள் கெட்டுப் போச்சுதுகள், சந்தியில் மோட்டார்சைக்கிளை நிறுத்திப்போட்டு நிற்குதுகள், தலையைப் பாதி வழிச்சிருக்குதுகள், பெரிய ஆக்களைக் கண்டால் ஒதுங்குதில்லை. நானும் "ஓம் சித்தப்பா, ஓம்" என்று கூடச் சேர்ந்து திட்டுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டு இருந்தாள். நான் போனை வைத்ததும் கேட்டாள். "நீங்கள் அந்த வயசில அந்தச் சந்தியில நிண்டிருக்கிறீங்களோ?"

"எங்க நிக்கிறது? சென்றியெல்லோ இருந்தது."

"அப்ப பொடியள் அதில நிண்டு சிரிக்கினம் எண்டால் சண்டை முடிஞ்சுது எண்டு அர்த்தம். அதுக்கு ஏன் சித்தப்பாவும் நீங்களும் ஒப்பாரி வைக்கிறியள்?"

மடித்த உடுப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். எத்தனையோ பேர் கூட்டம் வைத்துப் பேசிய விஷயத்தை அவள் இப்படி உடுப்பு மடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

நான் உன்னுடைய வயதைக் குறைத்துச் சொல்லுவதும் உனக்கு ஞாபகம் இருக்கும். கோயிலில், டூட்டிங் சாமான் கடையில், யாராவது "மகனுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டால் என் வாய் தானாகவே இரண்டைக் கழித்துவிடும். உனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது நான் பன்னிரண்டு என்று சொல்ல, நீ அந்தக் கடைக்குள் நின்று "அப்பா!" என்று கத்தினாய். கடைக்காரர் உன் மீசையைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டோ? என்ன அண்ணை, சோற்றில உரம் போடுறியளோ?" என்றார். அம்மா சிரித்துச் சிரித்து மரக்கறிப் பெட்டியில் கை ஊன்றி நின்றாள். உனக்கு மானம் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அடுத்த முறையும் அதையேதான் சொன்னேன். யாரிடம் இருந்து உன்னை ஒளித்தேன்? இந்த ஊரில் உன்னை இறக்கி வைத்துக் கேட்க யார் நின்றார்கள்? என் அம்மாவின் பயம் என் வாய்க்குள் வந்து இருந்துகொண்டது, அவ்வளவுதான்.

பிறகு உன் அம்மா போனாள். காலையில் தலையிடி என்றாள், மாலைக்குள் போய்விட்டாள். அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அதற்குச் சொல் வரவில்லை. அது எனக்குள் எங்கேயோ நின்றுபோய் இருக்கிறது, நான் இன்னும் அதன் கதவைத் திறக்கவில்லை. ஆனால் சுடலையில் நடந்ததைச் சொல்லவேண்டும். இந்த ஊர்ச் சுடலையில் விறகும் இல்லை நெருப்பும் இல்லை, ஒரு பொத்தான்தான். ஐயர் "மகன் முன்னுக்கு வாங்கோ" என்றார். உனக்கு யாரோ வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள், அது இடுப்பில் நிற்கவில்லை என்று என்னுடைய பெல்ட்டைக் கழற்றி அதற்கு மேல் இறுக்கியிருந்தார்கள். மேலில் சேர்ட் இல்லாமல், நெஞ்செலும்பு தெரிய, நீ போய் அந்தப் பொத்தானை அழுத்தினாய். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது ஆட்கள் உன் தோளில் தட்டினார்கள். "இனி நீதான் வீட்டில பெரிய ஆள்" என்றார்கள். ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, அவன் பிள்ளை, பெரிய ஆள் நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்து மூன்று வயதில் உயிரோடு நின்றுகொண்டு, உன் தலையில் அதை வைக்க விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மெதுவாக நடந்தது, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. முதலில் நீ தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வந்தாய், என் ஷிப்ட் முடியாததால். பிறகு சோறு வைத்தாய். பிறகு அவளுடைய ரீச்சரோடு கதைத்தாய், கவுன்சிலுக்குப் போன் எடுத்தாய், கறிக்கு உப்புப் பார்த்தாய். சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினாய். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். கை வேலை செய்தது. என்ன திருத்தினேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லுவேன். அன்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. கோயிலில் ஆட்கள் உன்னைப் பார்த்து, பாருங்கோ எவ்வளவு பொறுப்பு, இருபத்தைந்து வயசுக்காரன் மாதிரி என்று சொன்னபோது எனக்குள்ளே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முன்பு உன் வயதில் இரண்டைக் கழித்தவன், இப்போது ஆட்கள் ஏழு வயதைக் கூட்ட, தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

போன கிழமை உன் சிநேகிதன் ஜோஷ் வாசலுக்கு வந்தான். நான் மேலே படியில் இருந்தேன். நீ எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாய். நீங்கள் ஆங்கிலத்தில் கதைத்ததை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தின் கடைசி நாள் எல்லாரும் ஒருவர் சேர்ட்டில் ஒருவர் கையெழுத்து வைத்துவிட்டு ஆற்றங்கரைப் பார்க்குக்குப் போகிறோம், நீயும் வா என்று அவன் கேட்டான். மூன்று மணிக்குத் தங்கச்சியை எடுக்கவேண்டும் என்றாய்.

"எப்ப பார்த்தாலும் உனக்கு ஏதாவது ஒண்டு. எங்கட போன் குரூப்பில வந்து வெங்காயம் எங்க மலிவு எண்டு கேக்கிறாய். நீ என்ர அப்பாவை விடக் கிழவனடா."

நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் குரலை இறக்கி, கிளாஸ்கோவுக்கு என்ன முடிவு என்று கேட்டான். நீயும் குரலை இறக்கிச் சொன்னாய்.

"அப்பா இன்னும் அழேல்லை. ஒருக்காலும் அழேல்லை. அவர் அழுகிற நேரம் வீட்டில ஆரும் இல்லாட்டி என்ன செய்யிறது? அவர் அழும் வரைக்கும் நான் ஒரு இடமும் போகேலாது."

ஜோஷ் உன் முதுகில் கை வைத்த சத்தம் மட்டும் கேட்டது. நான் படியில் இருந்த இடத்திலேயே இருந்தேன். உன் அறைக் கதவைத் தட்டுமுன் நான் யாரிடம் கேட்பது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரின் வடக்கு முனையில் உள்ள எட்மண்டனில் இருந்து பெரியம்மா கறிப் பெட்டிகளோடு வந்தபோது நீ தங்கச்சியை நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தாய். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கிளாஸ்கோவோ? அங்க என்ன தம்பி கிடக்கு, மழையும் குளிரும்தான். இஞ்ச இல்லாத யூனிவர்சிட்டியோ?"

"அக்கா, அவன் போகட்டும்."

"அப்ப சின்னவளை ஆர் பாக்கிறது?"

"நான்."

"நீங்களோ?" பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா. "அவளுக்குத் தலை பின்னத் தெரியுமோ உங்களுக்கு?"

"கம்பி முறுக்கத் தெரியும் அக்கா. இது அவ்வளவு கஷ்டமோ?"

பெரியம்மா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு நடுவில் மாறி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தா. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பிறகு மூக்கைச் சீறிவிட்டு, "புதன்கிழமையளில நான் வந்து நிக்கிறன். மற்ற நாளுக்கு உங்கட ஷிப்டை மாத்துங்கோ" என்றா. மாற்றிவிட்டேன். மனேஜர் ஏன் என்று கேட்டார். மகன் படிக்கப் போகிறான் என்றேன். அதைச் சொன்ன பிறகு அது உண்மை மாதிரிக் கேட்டது.

அதனால் தம்பி, நான் சொல்லுவதைக் கேள். நான் அழுவேன் என்று உனக்கு வாக்குத் தர ஏலாது. வருமோ, எப்போது வருமோ எனக்குத் தெரியாது. லிப்டுக்கு மேலே தனியாக நிற்கும்போது வரலாம். சின்னவளின் தலையைக் கோணலாகப் பின்னிக்கொண்டிருக்கும்போது வரலாம். நீ தூரத்தில் இருக்கும்போது வந்தால், வரட்டும். அது என்னுடைய மனுசிக்காக வருவது, நான் பார்த்துக்கொள்வேன். அதற்கு நீ காவல் நிற்கவேண்டாம். ஒரு பொடியனைக் காவலுக்கு நிறுத்தி வைத்திருந்தால், எங்கள் வீட்டில் இன்னும் சண்டை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

கிளாஸ்கோவில் நீ நன்றாகப் படிப்பாய், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீ அங்கே கொஞ்சம் ஒன்றும் செய்யாமலும் இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன். பிழையான பஸ்ஸில் ஏறு. தலைக்கு ஏதாவது பூசு. அர்த்தமில்லாத விஷயத்துக்கு நாலு பேரோடு சேர்ந்து சிரி. நான் போன் எடுத்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லு, நான் கோபிப்பேன், அதையும் பொருட்படுத்தாதே. அந்த வயதில் உனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனபடியால் இதற்கு மேல் புத்தி சொல்லவும் தெரியாது. கிளாஸ்கோவுக்கான பதிலை நீயே எழுது.

இன்றைக்கு உன்னுடைய கடைசிப் பள்ளிக்கூட நாள். நான் லீவு எடுத்திருக்கிறேன். மூன்று மணிக்குத் தங்கச்சியை நான் கூட்டி வருகிறேன், சமையலும் என்னுடையது. நீ ஜோஷோடு ஆற்றங்கரைக்குப் போ. நேரத்துக்கு வீட்டுக்கு வராதே.

அப்பா